கரைக்கு முதலில் வந்தவர்

மேலே: மூச்சு இரைக்குது உனக்கு. கொஞ்சம் நில்லு.

கீழே: இரைக்கல அண்ணே. பாடிக்கிட்டே இறங்கினேன்.

மேலே: அது பாட்டா? உன் மூச்சுக் குழாய்ல ஓட்டை விழுந்துடுச்சோன்னு நினைச்சேன்.

கீழே: படகுல நாற்காலி போட்டு உக்காந்து, போனைக் காதுல மாட்டிக்கிட்டு டீ குடிக்கிறவங்க என்ன வேணா பேசலாம்.

மேலே: நான் டீ குடிக்கல.

கீழே: உறிஞ்சற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

மேலே: அது... சமையல்காரர். பக்கத்துல உக்காந்திருக்கார்.

கீழே: எந்தச் சமையல்காரர்? நம்ம படகுல பொங்கறதும் தீய வைக்கிறதும் நீங்கதானே?

மேலே: இன்னைக்கு ஒரு நாளைக்கு வந்திருக்கார். நான் உன்னைப் பாப்பேனா, அடுப்பைப் பாப்பேனா? சரி, எங்க இருக்க?

கீழே: மூழ்கிக் கிடக்கிற மகாராணிக் கப்பலோட விலாவுல நிக்கிறேன். ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருக்காளே, அந்த மேல் பக்கம். ஒண்ணும் தெரியல. கையை நீட்டினா கை தெரியல. லைட் போட்டா வெறும் சேறு.

மேலே: அலை அடியைக் கலக்குது. இங்க படகு ஆடற ஆட்டத்துல தொப்பிக்காரர் ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டார்.

கீழே: பாவம். துறைமுகத்து அதிகாரின்னா கடல் அவருக்கு மட்டும் பயப்படுமா என்ன?

மேலே: மெதுவாப் பேசு, ஸ்பீக்கர் பெட்டியில எல்லாருக்கும் கேக்குது. அவர்தான் உன்னை மேல வரச் சொல்றார்.

கீழே: ஏன்?

மேலே: நாளைக்கு வரும்னு சொன்ன காத்து இன்னைக்கே எழும்புது. முன்னாடி இருந்த டேங்க் எல்லாத்தையும் துளைச்சுப் பாத்தாச்சு, எல்லாத்துலயும் வெறும் கடல் தண்ணி. இந்தக் கடைசி டேங்கும் காலியாத்தான் இருக்கும், மூட்டை கட்டிக்கிட்டு கிளம்பலாங்கறார்.

கீழே: முன் பக்கம் பாறையில மோதிக் கிழிஞ்சது. அதுல தண்ணி இருக்கத்தான் செய்யும். இந்த டேங்க் பின் பக்கம், இது எங்கயும் மோதவே இல்ல. இதையும் அதையும் ஒண்ணாப் பேசினா எப்படி?

மேலே: நான் பேசல தாயே, அவர் பேசறார்.

கீழே: உள்ள எண்ணெய் இருந்துச்சுன்னா? டேங்குக்குப் பக்கத்துத் தகட்டுல வெடிப்பு பெருசாயிருக்கு அண்ணே. போன வாரம் அதுல என் கட்டைவிரல்தான் நுழைஞ்சுது. இப்பக் கையே நுழையுது. இந்தக் காத்துல தகடு பொளந்துச்சுன்னா மொத்தமும் வெளிய வரும்.

மேலே: தெரியும்.

கீழே: படகுத் துறை, உப்பு வயல், கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கற ஆலை... எல்லாத்துக்கும் வாய் இந்தப் பக்கம்தான். ஊரே கறுப்பாயிடும்.

மேலே: எனக்கே சொல்லித் தர்றியா? இந்தத் துறைமுக வாயில மூணு கப்பல் படுத்திருக்கு. ஒண்ணு பாய்மரக் கப்பல், ஒண்ணு கரி ஏத்தினது. ரெண்டும் சாது, மீனுக்கு வீடு குடுத்துக்கிட்டு கிடக்கு. இவ ஒருத்திதான் ராத்திரி கனவுல வர்றா.

கீழே: அப்ப துளைக்க விடுங்க. வால்வை நேத்தே தகட்டுல முறுக்கிட்டேன். அதுக்குள்ள டிரில்லை விட வேண்டியதுதான் பாக்கி.

மேலே: காலி டேங்கைத் துளைக்க இந்த அலையில ஒரு ஆளை நிறுத்த மாட்டேங்கறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு ஆமை. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?

கீழே: ஆமைன்னு கூப்பிடாதீங்க.

மேலே: நிதானமா வேலை செய்றவளை வேற என்னன்னு கூப்பிடறது?

கீழே: சரி, ஒரு பேரம். டேங்குக்கு மூச்சு விடக் காத்துக் குழாய் இருக்குமில்ல? டெக்குல, வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சு நிக்குமே.

மேலே: நாலு இருக்கும்.

கீழே: அதுங்களைப் போய்ப் பாக்கிறேன். திறந்து கிடந்தா, எண்ணெய் எப்பவோ அது வழியா மிதந்து வெளிய போயிருக்கும். நான் வாயைத் திறக்காம மேல வந்துடறேன். அடைச்சிருந்தா எண்ணெய் உள்ளதான் இருக்கு. அப்ப நான் துளைப்பேன், யாரும் குறுக்க பேசக் கூடாது.

மேலே: இரு, கேக்கிறேன்... ம்... சரிங்கறார். ஆனா சிரிக்கிறார்.

கீழே: என்ன சிரிப்பு?

மேலே: அந்தக் குழாய் எல்லாம் திறந்துதான் இருக்கும், அந்தக் காலத்து விசாரணையிலயே எழுதியிருக்குங்கறார்.

கீழே: எழுதினவங்க இங்க இறங்கி வந்து பாத்தாங்களாமா?

மேலே: வேகத்தைப் பாரு! நடந்துக்கிட்டே பேசு. பின் பக்கம் போ. வலைக் கிழிசல் தொங்கும், கால்ல சிக்கிக்காதே.

கீழே: போறேன். அதுவரைக்கும் அந்தக் கதையைச் சொல்லுங்க.

மேலே: எந்தக் கதை?

கீழே: கப்பல் மூழ்கின கதை. பேச்சுத் துணை இல்லாம இருட்டுல நடக்க ஒரு மாதிரி இருக்கு.

மேலே: உனக்குத்தான் தெரியுமே.

கீழே: நான் வெளியூர். எனக்கு என்ன தெரியும்?

மேலே: ...சரி. நல்ல பகல். திடீர்னு புயல் காத்து. மகாராணி துறைமுகத்துக்குள்ள நுழையப் பாத்தா. எஞ்சின் நின்னுபோச்சு. பாறையில மோதிட்டா. கேப்டன் எல்லாரையும் படகுல இறங்கச் சொன்னார். எண்ணுனா ஒரு ஆள் குறையுது.

கீழே: யாரு?

மேலே: எஞ்சினியர். தேடினாங்க, கூப்பிட்டாங்க, ஆளைக் காணோம். கப்பல் சாயுது, இன்னும் நின்னா எல்லாரும் போயிடுவாங்க. மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. செத்துட்டார்னு அழுதுக்கிட்டே துடுப்பு போட்டுக் கரைக்கு வந்தா...

கீழே: வந்தா?

மேலே: அவர் ஏற்கெனவே படித்துறையில உக்காந்திருக்கார்! பனியனோட. நடுங்கிக்கிட்டு. இவங்களுக்கு முன்னாடி வந்து சேந்திருக்கார். கேக்குதா?

கீழே: கேக்குது. சொல்லுங்க.

மேலே: அப்புறம் என்ன? ஊர் கூடி நின்னுச்சு. நானும் நின்னேன், அப்ப எனக்கு மீசை முளைக்கிற வயசு. கரைக்கு முதல்ல வந்தவன், கப்பலை விட்டும் முதல்ல குதிச்சவன்தானே? எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். அதுவும் பனியனோட! படுக்கையிலேர்ந்து எழுந்து அப்படியே ஓடி வந்துட்டார்னு ஒரே பேச்சு.

கீழே: அவர் ஒண்ணும் சொல்லலியா?

மேலே: சொன்னார். டேங்கோட குழாயை எல்லாம் அடைச்சுட்டுத்தான் வந்தேன்னு சொன்னார். யார் நம்பறது? கடலுக்குள்ள போய்ப் பாக்கவா முடியும்? லைசன்ஸைப் பிடுங்கிட்டாங்க. ஊர்ல அவருக்குப் பேரே 'முதல் படகு'ன்னு ஆயிடுச்சு. அப்புறம் வீடு வீடாப் போய்த் தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணிப் பொழைச்சார். பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான் கதை.

கீழே: அவர் எந்தப் படகுலயும் ஏறல.

மேலே: என்ன?

கீழே: படகுல வந்தவங்க யாராவது அவரைப் பாத்தாங்களா? முதல் படகுன்னு பேரு வச்சீங்களே, அந்தப் படகு எங்க? படித்துறையில படகு கட்டியிருந்துச்சா?

மேலே: ...இல்ல. ஒரு மிதவை வளையம்தான் கிடந்துச்சு.

கீழே: அப்புறம்? கடல் ஏறற நேரம் அண்ணே அது. படகுல இருந்தவங்க பாறைக்குப் பயந்து முனையைச் சுத்திக்கிட்டு, காத்தை எதிர்த்துத் துடுப்பு போட்டாங்க. அவர் கடைசியில, எல்லாரும் போனப்புறம், வளையத்தை மாட்டிக்கிட்டுக் குதிச்சார். ஏறற தண்ணி நேரா துறைமுக வாய்க்குள்ளதானே ஓடும்? அதுவே அள்ளிக்கிட்டு வந்து படியில போட்டுடுச்சு. கடைசியாக் குதிச்சவர் முதல்ல வந்துட்டார். இதைக்கூட யோசிக்காம...

மேலே: வெளியூர்க்காரிக்கு இது எப்படித் தெரியும்?

கீழே: ...கடல் ஏறற கணக்கு எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே.

மேலே: சரிதான்.

கீழே: கோபம் ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

மேலே: உன் கோபத்துல பெட்டி அதிருது. காதைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

கீழே: வந்துட்டேன் அண்ணே. கைப்பிடிக் கம்பி தட்டுப்படுது. டெக் சுவர் மாதிரி செங்குத்தா நிக்குது. தடவிக்கிட்டே போறேன்.

மேலே: மெதுவா. அலை உன்னைத் தள்ளும். ஒரு கை எப்பவும் கப்பல்லயே இருக்கட்டும்.

கீழே: இருக்கு... இதோ. முதல் குழாய். சிப்பி மூடியிருக்கு. சுரண்டறேன்.

மேலே: சுரண்டு.

கீழே: ...

மேலே: என்ன ஆமை? ஏய்! பேசு!

கீழே: அண்ணே.

மேலே: சொல்லு, உசிரு போகுது.

கீழே: அடைச்சிருக்கு.

மேலே: சேறா?

கீழே: இல்ல அண்ணே. மர ஆப்பு. அடிச்சு இறுக்கி, அதுக்கு மேல தார்ப்பாய் சுத்தி, நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. கயிறு கொஞ்சம்கூட அசையல. இவ்வளவு வருஷம் கழிச்சும் அசையல அண்ணே! மேல என்ன சத்தம்?

மேலே: ஒண்ணுமில்ல. சமையல்காரர் டம்ளரைக் கீழ போட்டுட்டார்.

கீழே: தொப்பிக்காரர் கேட்டாரா?

மேலே: கேட்டார். எழுந்து நிக்கிறார். மத்ததையும் பாக்கச் சொல்றார்.

கீழே: சொல்லலேன்னாலும் பாப்பேன். ரெண்டாவது... அதே மாதிரி. ஆப்பு, தார்ப்பாய், கயிறு. மூணாவது... இருங்க, இதுல நண்டு குடியிருக்கு. போ, போ, நகரு. இதுவும் அடைச்சிருக்கு!

மேலே: ஒருத்தன் தனியாவா செஞ்சிருக்கான்?

கீழே: எல்லாம் ஒரே கை. முடிச்சைப் பாத்தாலே தெரியுது.

மேலே: முடிச்சு எப்படி இருக்கு?

கீழே: ரெண்டு சுத்து சுத்தி, நுனியை உள்ள விட்டு, இடது பக்கமா இழுத்து... அது... நல்ல முடிச்சு.

மேலே: ம். நல்ல முடிச்சுதான். நாலாவது?

கீழே: தேடறேன். கடைசி மூலையில இருக்கணும். இங்க இழுப்பு ஜாஸ்தியா இருக்கு.

மேலே: வேணாம், வந்துடு. மூணு போதும். தொப்பிக்காரர் துளைக்கச் சொல்லிட்டார்.

கீழே: மூணு போதாது. நாலாவது திறந்திருந்தா, மூணு அடைச்சு என்ன பிரயோஜனம்? எண்ணெய் அது வழியா போயிருக்குமே. அப்புறம் அதையும் ஒரு கதையாச் சொல்லுவாங்க. பாதியில ஓடிட்டார்னு.

மேலே: ஒத்தக் கால்ல நிக்காதே...

கீழே: ரெண்டு கால்லயும் நிக்க இடமில்ல அண்ணே இங்க. இதோ... கை எட்டிடுச்சு. இது... வேற மாதிரி இருக்கு.

மேலே: எப்படி?

கீழே: ஆப்பு இல்ல. துணி. துணியைச் சுருட்டிச் சுருட்டி உள்ள திணிச்சிருக்கு. கிரீஸ் பூசியிருக்கு, அதான் மக்கல. மேல அதே கயிறு, அதே முடிச்சு.

மேலே: ஆப்பு தீந்துபோச்சு போல.

கீழே: ஓரமா ஒரு பட்டை துருத்திக்கிட்டு இருக்கு. லைட்டைக் கிட்ட வைக்கிறேன். நீலமா இருக்கு... ஜிப்பு. பித்தளை ஜிப்பு அண்ணே.

மேலே: ஜிப்பா?

கீழே: எஞ்சின் ரூம்ல போடற பாய்லர் சூட். போட்டிருந்ததைக் கழட்டித் திணிச்சிருக்கார்.

மேலே: அடப் பாவமே...

கீழே: அதனாலதான் பனியன். புரியுதா? அதனாலதான் அவர் பனியனோட வந்தார்! தூங்கி எழுந்து ஓடி வரல. ஆப்பு தீந்துபோச்சு, உடம்புல இருந்த துணியைக் கழட்டி இந்த ஊரைக் காப்பாத்திட்டு வந்தார். நீங்க எல்லாரும் பனியனைப் பாத்து சிரிச்சீங்க.

மேலே: ...சிரிச்சோம்.

கீழே: அங்க யாரோ அழற மாதிரி இருக்கு.

மேலே: சமையல்காரர். வெங்காயம் உரிக்கிறார்.

கீழே: இந்த நேரத்துலயா?

மேலே: அவருக்கு இதுதான் நேரம். நீ அழுதா கண்ணாடியில ஆவி படியும், அதைப் பாரு.

கீழே: நான் எங்க அழறேன்? அந்தத் துணியை...

மேலே: தொடாதே! கையை எடு. டேங்க் காலியாகற வரைக்கும் அதுதான் மூடி.

கீழே: தெரியும். தொட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்.

மேலே: இப்ப நிதானமா வால்வுகிட்ட வா. டிரில்லை இறக்கியாச்சு. பெரிய குழாயும் உன் பின்னாடியே வருது. அது சேந்து, நீ சரின்னு சொல்ற வரைக்கும் வால்வைத் திறக்கக் கூடாது. ஒரு சொட்டு வெளிய வந்தாலும் நம்ம மானம் போயிடும்.

கீழே: அவர் ஒரு சொட்டு விடல. நான் விடுவேனா?

மேலே: வந்து சேந்தியா?

கீழே: வந்துட்டேன். டிரில் கையில வந்துடுச்சு. பொருத்திட்டேன். டிரில்லுக்குக் காத்தைத் திறங்க.

மேலே: திறந்தாச்சு. எப்படிப் போகுது?

கீழே: தகடு கெட்டியா இருக்கு. துருவுக்குக் கீழ இன்னும் இரும்பு இருக்கு. அழுத்தறேன்... அலை என்னையும் சேத்து ஆட்டுது. காலைத் தகட்டுல அண்டக் குடுத்துக்கிட்டேன்.

மேலே: களைப்பா இருந்தா நிறுத்து.

கீழே: இப்ப நிறுத்தினா நான் ஆளே இல்ல.

மேலே: அதிகாரி கேக்கிறார், காத்து ஏறுது, எவ்வளவு நேரம்...

கீழே: அண்ணே, பேசாம இருங்க... போகுது... போகுது... விட்டுச்சு! உள்ள போயிடுச்சு!

மேலே: டிரில்லைப் பின்னால இழு! வால்வை மூடு!

கீழே: மூடிட்டேன்.

மேலே: டிரில் நுனியைப் பாரு. என்ன இருக்கு? தண்ணியா?

கீழே: லைட்... எங்க லைட்... இருங்க.

மேலே: சொல்லித் தொலை!

கீழே: கறுப்பு.

மேலே: என்ன?

கீழே: கறுப்பு அண்ணே! பாகு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. எண்ணெய்! டேங்க் நிறைய எண்ணெய்!

மேலே: எண்ணெய்யா! ஏய்... எண்ணெய்டா! கேட்டுக்கோங்க எல்லாரும்!

கீழே: கத்தாதீங்க, காது போச்சு! பெரிய குழாயை மாட்டறேன். மூணு போல்ட்டு... ஆச்சு. இன்னும் ஒண்ணு... வழுக்குது சனியன்... ஆச்சு. முறுக்கிட்டேன். தடவிப் பாத்துட்டேன், கசிவு இல்ல.

மேலே: பம்ப்பு ரெடி. எண்ணெயை இளக்க வெந்நீர் ரெடி. எண்ணெய்ப் படகு ரெடி. சொல்லு.

கீழே: திறக்கிறேன். இழுங்க.

மேலே: இழுக்குது... சத்தம் மாறுது... தண்ணி, தண்ணி, இது குழாய்ல இருந்த தண்ணி... வருது! வருது ஆமை! கறுப்பா, கொழகொழன்னு, அருவி மாதிரி கொட்டுது!

கீழே: கொட்டட்டும்! நல்லாக் கொட்டட்டும்!

மேலே: தொப்பிக்காரர் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். வாந்தி வாடை தாங்கல, ஆனா பரவாயில்ல. இவ்வளவும் கடல்ல கலந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்லிச் சொல்லித் தலையில கை வைக்கிறார்.

கீழே: இங்க குழாய் துடிக்கிறதைக் கையில உணர முடியுது அண்ணே. ரத்தம் ஓடற மாதிரி.

மேலே: கசிவு?

கீழே: கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கிறேன். ஒரு சொட்டு இல்ல.

மேலே: போதும், கிளம்பு. இனி பம்ப்போட வேலை. வழிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறு, பாதியில அடையாளத் துணி கட்டியிருக்கும், அங்க நில்லு. உடம்புல ஏறின காத்து இறங்கணும். அவசரப்பட்டு வந்தா மூட்டு எல்லாம் பிடிச்சுக்கும்.

கீழே: சரி... ஏறறேன்... அண்ணே, இது என்ன சத்தம்? தண்ணி பூராவும் அதிருது.

மேலே: சங்கு. துறைமுகத்துச் சங்கு. அதிகாரி ஊதச் சொன்னார். அதைக் கேட்டு நங்கூரம் போட்டிருக்கிற கப்பல் எல்லாம் ஊதுது. மீன்பிடிப் படகுக்காரங்க எதுக்குன்னே தெரியாம ஊதறாங்க. படித்துறையில சனம் சேந்துக்கிட்டு இருக்கு.

கீழே: அதே படித்துறையிலயா?

மேலே: அதே படித்துறைதான். தொப்பிக்காரர் வயர்லெஸ்ல கரைக்குச் சொல்றார், கேளு. குழாய் நாலும் அடைச்சிருந்துச்சு, அந்த எஞ்சினியர் சொன்னது சத்தியம், விசாரணையில எழுதினதை மாத்தணும், அவர் லைசன்ஸை மரியாதையோட வீட்டுல கொண்டு போய்க் குடுக்கணும்னு.

கீழே: ...இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க.

மேலே: எதுக்கு?

கீழே: சும்மா. காதுக்கு நல்லா இருக்கு.

மேலே: நின்னுட்டியா? துணி கட்டின இடத்துலதானே இருக்க?

கீழே: இருக்கேன். கயித்துல மாட்டிக்கிட்டுத் தொங்கறேன். இங்க வெளிச்சம் வருது. பச்சையா, அழகா இருக்கு. இன்னைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்ல அண்ணே. நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

மேலே: காத்து இறங்கற வரைக்கும் நீ எங்கயும் ஓட முடியாது. ஒண்ணு கேக்கவா?

கீழே: கேளுங்க.

மேலே: நீ வலது கைக்காரிதானே?

கீழே: ஆமா. ஏன்?

மேலே: வேலைக்குச் சேந்த முதல் நாள் உன் மூச்சுக் குழாயை நீயே வரிஞ்சு கட்டின. ரெண்டு சுத்து, நுனி உள்ள, இழுக்கிறது மட்டும் இடது பக்கம். வலது கைக்காரங்க அப்படி இழுக்க மாட்டாங்க. இடது கைக்காரர் ஒருத்தர் போடறதைச் சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் அப்படி வரும்.

கீழே: ...எத்தனையோ பேர் போடுவாங்க.

மேலே: எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல ஒரே ஒருத்தர். எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் ஆடாம இருக்க ஒரு கயிறு கட்டிட்டுப் போனார். இன்னும் அவிழல. தினமும் குளிக்கும்போது பாக்கிறேன்.

கீழே: அண்ணே...

மேலே: வெளியூர்னு சொன்ன. கட்டிக்கிட்டவர் பேரை இனிஷியலாப் போட்டுக்கிட்ட. எனக்கே காது குத்தினா எப்படி?

கீழே: சொல்லியிருந்தா இந்தக் கப்பலுக்குக் கிட்ட என்னை விட்டிருப்பாங்களா? நானே ஆப்பை எடுத்துட்டுப் போய் அடிச்சுட்டு வந்தேன்னு சொல்லியிருப்பாங்க.

மேலே: சொல்லியிருப்பாங்க. அதான் நானும் வாயைத் திறக்கல. கடைசி டேங்குக்கு உன்னைத்தான் இறக்கணும்னு தொப்பிக்காரர்கிட்ட அடம் பிடிச்சது யாருன்னு நினைச்ச?

கீழே: அப்ப ஏன் அவரைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னீங்க? அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?

மேலே: நீ எதிர்த்துப் பேசுவேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நீ பேசினதைக் கேக்க வேண்டியவர் ஒருத்தர் இருந்தார். தன் வாயால எத்தனையோ தடவை சொல்லி அலுத்துப்போனவர். அவருக்காக இன்னொருத்தர் அவ்வளவு கோபமாப் பேசி, இந்த ஊர்ல ஒருத்தரும் கேட்டதில்ல.

கீழே: யாரு? யாரைச் சொல்றீங்க?... அண்ணே, அங்க சமையல் நடக்குதுன்னு சொன்னீங்களே, இவ்வளவு நேரமா ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேக்கலியே.

மேலே: இரு, போனை அவர்கிட்டயே குடுக்கிறேன்.

சமையல்காரர்: அவசரப்படாம, நின்னு நிதானமா ஏறி வா பாப்பா... அப்பா எங்கயும் போகல, காலையிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன். டேங்க் காலியானதும் அந்த பாய்லர் சூட்டை மட்டும் கிழிக்காம எடுத்துக் குடு. அதை எங்க தொலைச்சேன்னு உங்கம்மா இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்கா, நான் சொன்னா அவளும் நம்பல!